கடல் கடந்த இணைய நிறுவனங்களும் நம் நாட்டுச் சட்டமும்

வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பலொன்று திருக்கோணமலைத் துறைமுகத்துட் புக விரும்பின், அது தன் மனம் போனவாறு புகுந்துவிட முடியாது. முதற்கண் அதற்கு இந்நாட்டிலே ஒரு முகவர் இருத்தல் வேண்டும். அம்முகவர் 1972 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவராயிருத்தல் வேண்டும். துறைமுகத்து வாயிலில் நம் நாட்டு வழிகாட்டி மாலுமி கப்பலேறி, எங்கே திரும்புவது, எங்கே நங்கூரமிடுவது என்று சொல்லுவார். பின்னர்ச் சுகாதார அதிகாரியும் சுங்க அதிகாரியும் வருவர். கப்பற்காரர் கடன் வைத்துவிட்டு ஓட முனைந்தாலோ, கப்பல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமுடைய கொழும்பு மேல் நீதிமன்றம் அக்கப்பலையே தடுத்து வைக்கக் கட்டளையிடலாம். உடையவன் எந்நாட்டானாயினும் ஆகுக. அவனுடைய பொருள் நம் கைக்கெட்டும் இடத்தில் நிற்கிறது. துறைமுகத்தருகே பிறந்து வளர்ந்த நம் பழைய மாணவர்க்கு இவ்வொழுங்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர்களுட் பலர் துறைமுகத்திலும் சுங்கத்திலும் கப்பற் கந்தோர்களிலும் கடமை பார்த்தவர்களே.

இன்று வேறொரு வகை வாணிகம் நம் கரைக்கு வந்து சேர்ந்துள்ளது. முகநூல், யூரியூப், வட்ஸ்அப், டிக்டொக் என்பன நம் வீடுதோறும் புகுந்துவிட்டன. இவற்றின் உடைமையாளர் அமெரிக்காவிலும் சீனாவிலும் பிறநாடுகளிலும் இருக்கின்றனர். இவர்கள் நம் பிள்ளைகளின் பெயரையும் படத்தையும், எவ்விடத்தில் எந்நேரம் நின்றார்கள் என்பதையும் ஏற்றிச் செல்கின்றனர். விளம்பரத்தை இறக்கிச் செல்கின்றனர். நிலாவெளியில் மட்டுமன்று, கொழும்பிலும் இவர்களைத் தட்டிக் கேட்கத்தக்க ஒரு வாயிலைக் காண்பது அரிது. சீனன்குடாவிற் பிறிமா மா ஆலை சிங்கப்பூர் முதலாளிகளுடையதுதான். ஆயினும் அதற்கொரு வாயிலுண்டு, வாயிலுக்குக் காவலாளியுண்டு, தொழில் அதிகாரி போய் நின்றால் உள்ளிருந்து ஒருவர் வந்து மறுமொழி சொல்லியே ஆகவேண்டும். எண்ணெய்த் தாங்கிகளை நடத்தும் இந்திய நிறுவனத்துக்கும் அப்படியே. இணைய நிறுவனத்துக்கு மறுமொழி சொல்வார் யார்?

இஃது ஏதோ கொழும்பிலுள்ள சட்டத்தரணிகளின் கவலையென்று நம்மவர் எண்ணுதல் தவறு. நம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். சோழகம் வீசுங் காலமே இங்கு உல்லாசப் பயணிகள் வருங் காலம். நான்கைந்து அறைகளைக் கட்டி விருந்தினர் விடுதி நடத்தும் நம்மூரார், அந்நான்கைந்து மாதத்திற் கிடைக்கும் வருவாயைக் கொண்டே வாடைக் காலத்தையும் கழிக்கின்றனர். பயணிகளிற் பெரும்பாலார் அறையைப் பதிவது வெளிநாட்டு இணையத்தளங்களின் வழியாகவே. விடுதிக்காரர் பிரதேச சபைக்குப் பணங் கட்டுகிறார். சுற்றுலா அதிகார சபையிற் பதிகிறார். சோதனைக்கு வரும் அதிகாரிக்கு மறுமொழி சொல்லுகிறார். இடையில் நின்று வாடகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனமோ இவற்றுள் எதற்கும் உட்பட்டதன்று. எனக்குத் தெரிந்த விடுதிக்காரர் ஒருவரின் பக்கத்தை அத்தகைய நிறுவனமொன்று, எவரோ செய்த ஒரு முறைப்பாட்டின் பேரில், ஆவணி மாதத்து நடுவில் மூடிவிட்டது. அவர் சார்பில் ஆங்கிலத்தில் ஆறு கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன். வந்த மறுமொழிகள் ஆறும் ஒரே வாசகமாயிருந்தன. எழுதியது மனிதரா இயந்திரமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கார்த்திகை மாதம் மழை பிடித்த பின்னர், காரணம் எதுவுஞ் சொல்லாமலே பக்கம் திறக்கப்பட்டது. நம் நாட்டு வணிகர் எவராவது இவ்வாறு செய்திருப்பின், அவரைப் பெயர் சொல்லி நீதிமன்றுக்கு அழைத்திருக்கலாம்.

வரி விடயத்தில் அரசாங்கம் விழித்துக்கொண்டது உண்மையே. இந்நாட்டில் நிலைகொள்ளாத நிறுவனங்கள் இணையவழி வழங்கும் சேவைகளின்மீது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி விதிக்கும் திருத்தச் சட்டம் 2025 ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. நடைமுறைக்கு வருவதற்கு அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி குறிக்கப்பட்டுப் பின்னர் அது தள்ளி வைக்கப்பட்டது. வரி வாங்குவதற்காவது இவர்களுடைய இருப்பு ஒப்புக்கொள்ளப்பட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஆனால் வரியினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. அது மனிதரின் மானமும் உயிரும் பற்றியது.

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறையிலே முஸ்லிம் உணவுக் கடையொன்றில், கருவளத்தைக் கெடுக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்பட்டதென ஒரு கட்டுக்கதை பரவிற்று. அச்சத்தால் நடுங்கிய கடைக்காரரை வளைத்துப் பிடித்து எடுத்த ஒளிப்படம் கைத்தொலைபேசிகளில் ஓடிற்று. சில நாட்களில் தெல்தெனியவிலும் திகனவிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன; உயிர்களும் போயின. மார்ச் 6 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூல் முதலியவை நாடெங்கும் தடுக்கப்பட்டன. குழந்தைகளையும் விடாது முஸ்லிம்களைக் கொல்லுமாறு சிங்களத்தில் எழுதிய பதிவொன்றைப் பற்றி முன்னரே முறையிட்டவர்களுக்கு, அப்பதிவு தங்கள் விதிகளுக்கு மாறானதன்று என்று நிறுவனம் மறுமொழி கூறியிருந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தோர் அந்நிறுவனத்திற் போதிய தொகையினராய் இல்லாமையே காரணம். தடை விதிக்கப்பட்ட பின்னரே அதன் அலுவலர் கொழும்புக்கு வந்து சனாதிபதியின் செயலாளரைக் கண்டு பேசினர். 15 ஆந் திகதி தடை நீங்கிற்று. ஈராண்டு கழித்து, 2020 மே மாதத்திலே, நேர்ந்த தீங்குகளுக்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

அக்காலத்து வசைச் சொற்களுள் ஒன்றைத் தமிழாசிரியன் என்னும் முறையில் இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். முஸ்லிம்களை இழித்துரைக்கச் சிங்களத்தில் வழங்கும் ‘தம்பியா’ என்னுஞ் சொல், நாம் அன்போடு அழைக்கும் ‘தம்பி’ என்பதிலிருந்து பிறந்தது. ஒரே சொல் ஒரு மொழியில் உறவையும் மறுமொழியிற் பகையையும் சுட்டுகிறது. கலிபோர்னியாவிலிருக்கும் இயந்திரமோ, அகராதி பார்த்துப் பணி செய்யும் அலுவலரோ இதனை எங்ஙனம் அறிவர்? சொல்லின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை. சொல்பவன், கேட்பவன், சொல்லப்படும் நாள், ஊர் ஆகிய யாவற்றிலும் உள்ளது.

திகனச் செய்தி ஆறுவதற்குள், அவ்வாண்டு ஏப்ரலிலே நம் நகரத்திலும் ஒரு சோதனை வந்தது. பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அணியும் உடை பற்றிப் பிணக்கு எழுந்தது. நகரப் பெரியார் ஒன்று கூடிப் பேசியிருக்கக்கூடிய அவ்விடயம், முகநூல்வழி நாடு முழுவதும் போய்த் திரும்பி வந்தபோது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே தீப்பந்தமாய் வந்தது. இருதரப்பிலும் எழுதப்பட்டவற்றை வாசித்த எவரும், அவ்வளவு நஞ்சு நம் மாவட்டத்து மக்களின் வாயிலிருந்து வந்ததென நம்பமாட்டார். அவற்றுட் பெரும்பகுதி இங்கிருந்து வந்ததுமன்று. நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் குச்சவெளியிலும் இரு சமூகத்தாரும் ஒரே சந்தையில் மீன் வாங்கிக்கொண்டேயிருந்தனர்.

இனி, பாடசாலைக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது உண்மையில் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவியொருத்தியின் படத்தை எவனோ எடுத்து, இழிவான வேறொரு படத்தோடு ஒட்டி, அவள் பெயராலேயே ஒரு கணக்குத் திறந்து பரப்பினான். அவள் தந்தை கடற்றொழிலாளி. தாய்க்குக் கையெழுத்திடத் தெரியும். நானும் சக ஆசிரியையொருவரும் அந்நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்தோம். படத்தின் கீழே எழுதியிருந்த வசைகள் ஈழத்துப் பேச்சுத் தமிழில், அதுவும் ஆங்கில எழுத்துக்களில், எழுதப்பட்டவை. இரண்டு நாட் கழித்து வந்த மறுமொழி, தங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை என்றது. நகரத்துப் பொலிசார் கொழும்புக்கு எழுதவேண்டும் என்றனர். கொழும்பிலிருந்து வந்த மறுமொழி, நிறுவனத்திடம் முறையிடுமாறு கூறிற்று. நிறுவனம் வெளிநாட்டில் உள்ளது. இவ்வாறு அச்சிறுமியின் மானம் மூன்று கதவுகளுக்கிடையே நின்றது. பதினாறாம் நாள் அக்கணக்குத் தானே மறைந்தது. நீக்கியவர் நிறுவனத்தாரா, திறந்தவனா என அறியோம். அவள் அவ்வாண்டு பரீட்சைக்குத் தோற்றவில்லை.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அன்றும் இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையும் இருந்தது. குற்றஞ் செய்தவனைத் தண்டிக்க அவை போதியனவாயிருக்கலாம். அவன் யார் என்று அறிவதற்கும், படத்தை உடனே நீக்குவதற்கும் வேண்டிய திறவுகோல் நிறுவனத்தின் கையிலன்றோ இருக்கிறது! ஆதலின் வெளிநாட்டு நிறுவனங்கள் நம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘இணையம் எல்லையற்றது, அதற்குச் சட்டம் போடலாகாது’ என்பார் கூற்று, துன்பப்பட்டவரை நேரிற் காணாதார் கூற்று.

ஆனால் எச்சட்டம், யார் கையில் என்பது வேறு வினா.

2023 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாயிற்று. (‘நிகழ்நிலை’ என்னும் இவ்வரசகரும மொழிபெயர்ப்பு நன்றே எனினும், அச்சொல்லைக் கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர்க்கு அஃது இணையத்தைக் குறிப்பதெனத் தெரியவில்லை. தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் பெயரே மக்களுக்கு விளங்காதிருப்பது நல்ல தொடக்கமன்று.) அதற்கெதிராக நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றிற் கொடுக்கப்பட்டன. 31 பிரிவுகள் திருத்தப்பட்டாலன்றிச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றல் இயலாது என நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 சனவரி 24 ஆந் திகதி 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் கிடைக்கச் சட்டமூலம் நிறைவேறியது. பெப்ரவரி முதலாந் திகதி சபாநாயகர் கையொப்பமிட, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக் காட்டியது. அதன்பொருட்டுச் சபாநாயகர்மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச் மாதத்தில் தோல்வியுற்றது.

அச்சட்டம் செய்வது யாது? அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலோடு சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றை ஏற்படுத்துகிறது. பொய்யானதெனக் கருதப்படும் கூற்றுக்களை 24 மணித்தியாலத்துள் நீக்குமாறு பணிக்க வழி செய்கிறது. எழுதியவர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. என் மாணவிபோன்றார்க்கு உதவத்தக்க பிரிவும் அதனுள் உண்டு. படங்களால் ஒருவரைத் துன்புறுத்துதல் குற்றமெனச் சொல்லும் பிரிவு நல்லதே. ஆனால் அந்நல்ல பிரிவைச் சுற்றிலும், ‘பொய் எது’ என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேலியாய் நிற்கிறது. வேலி பயிரை மேயாதென்று யார் உறுதி கூறுவர்?

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நாம் இதனை ஊகித்து அறிய வேண்டியதில்லை, கண்டே அறிந்தோம். அஹ்னாப் ஜஸீம் என்னும் இளைஞர் தமிழில் ‘நவரசம்’ என்னுங் கவிதை நூலை எழுதி 2017 இல் வெளியிட்டார். அவர் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர். 2020 மே மாதத்தில் மன்னார் மாவட்டத்திற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். நூல் தீவிரவாதத்தை வளர்ப்பதென்பது குற்றச்சாட்டு. கவிதைகள் வன்முறையைக் கண்டிப்பன என்பதைத் தமிழறிந்தோர் எடுத்துக்காட்டினர். ஆயினும் 2021 டிசம்பரிலேயே அவர்க்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் முதல் நான்கு மாதம் சிறையிலிருந்தார். இவர்கள் இருவரையும் பிடிக்க எந்த வெளிநாட்டு நிறுவனத்தின் உதவியும் வேண்டப்படவில்லை. உள்ளூரான் கைக்கெட்டுகிறான், அவனைப் பிடிப்பது எளிது. நிறுவனம் எட்டுவதில்லை, அதனை விட்டுவிடுவது எளிது. இணையச் சட்டம் எனப் பெயரிட்டு எழுதப்படுவன, கடல் கடந்த முதலாளியை நோக்கி ஓங்கிய கையால் முற்றத்திலிருக்கும் பிள்ளையை அடிப்பனவாய் முடிவதைக் காண்கிறோம்.

தமிழை வாசிக்கத் தெரியாமை நிறுவனத்துக்கு மட்டும் உரிய குறையன்று என்பதையும் இவ்வழக்குக் காட்டிற்று. கடிந்துரைக்கும் கவிதையையும் போற்றியுரைக்கும் கவிதையையும் வேறுபடுத்தி அறியாத ஆட்சியினர், நாளை ஆணைக்குழுவில் அமர்ந்து, தமிழ்ப் பதிவுகளில் எது பொய், எது மெய் என்று 24 மணித்தியாலத்துள் தீர்ப்பது எங்ஙனம்? ஐவருள் ஒருவராவது தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவராயிருத்தல் வேண்டுமென்று சட்டத்தில் எழுதப்படவில்லை என்பதை இங்குக் கவனிக்க. சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதற்கடுத்த 2025 உம் கழிந்தபோதும் ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. ஆட்சிக்கு வந்த புதிய அரசாங்கம் சட்டத்தைத் திருத்துவதாகக் கூறிற்று. திருத்துங்காலத்தில் நம்மவர் குரலும் கேட்கப்படல் வேண்டும்.

இச்சட்டத்தை வரைந்தோர் சிங்கப்பூர் 2019 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தைப் பார்த்தே வரைந்தனர். சிங்கப்பூரின் கட்டளைக்கு முகநூல் நிறுவனம் அவ்வாண்டு நவம்பரிலேயே கட்டுப்பட்டது. ஏன்? அந்நிறுவனங்களின் ஆசியத் தலைமையகங்கள் அங்கே உள்ளன. அவற்றின் பணம், கட்டடம், அலுவலர் யாவும் அந்நகரின் வாயில்களுக்குள் இருக்கின்றன. நாம் சட்டத்தின் வாசகத்தை இரவல் வாங்கினோம். வாயில்களை இரவல் வாங்க முடியவில்லை. அதனாலன்றோ, அந்நிறுவனங்களின் சங்கமாகிய ஆசிய இணையக் கூட்டமைப்பு, இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதென்று துணிந்து கூறிற்று! அச்சங்கத்தார் பேச்சுரிமையைப் பற்றியும் பேசினர். தம் வாணிகத்துக்கு இடையூறு வருமிடத்திற் பேச்சுரிமையை நினைத்துக்கொள்வதும் அவர்கள் வழக்கம்.

பெரிய நாடுகள் வேறு வழி கண்டன. 2000 ஆம் ஆண்டிலேயே பாரிசு நகர நீதிமன்றம், நாசிகளின் சின்னங்களை ஏலத்தில் விற்ற யாகூ நிறுவனத்தைப் பிரெஞ்சு மக்கள் அவற்றைக் காணாதவாறு தடுக்குமாறு பணித்தது. அஃது இயலாதென நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் நியமித்த நிபுணர், பார்ப்போரில் 70 சதவீதத்தினர் எந்நாட்டிலிருந்து வருகின்றனர் என்பதை அறியலாம் என்றனர். இயலாது என்பது பெரும்பாலும் மனமில்லை என்பதே. 2024 ஆகஸ்டு 30 ஆந் திகதி பிரேசில் நாட்டு உச்ச நீதிமன்ற நீதியரசர், உள்ளூர்ச் சட்டப் பிரதிநிதியை நியமிக்க மறுத்த எக்ஸ் நிறுவனத்தை நாடு முழுவதும் தடுத்தார். அதே முதலாளியின் பங்குள்ள ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன. ஐந்து வாரத்துள், உலகில் மிகப் பெருஞ் செல்வருள் ஒருவராகிய அம்முதலாளியின் நிறுவனம் பிரதிநிதியை நியமித்து, 2 கோடியே 86 இலட்சம் ரியால் அபராதத்தையுங் கட்டியது. பிரேசிலில் 20 கோடிக்கு மேற்பட்ட மக்கள் உள்ளனர். அச்சந்தையை இழக்க எவருக்கும் மனம் வாராது. நாமோ இரண்டு கோடிக்குச் சற்று மேல்.

‘அப்படியாயின் தடைதானே நம் கையிலுள்ள ஆயுதம், 2018 இல் அதுதானே அவர்களைக் கொழும்புக்கு வரவழைத்தது’ எனச் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் அதே ஆயுதம் 2022 ஏப்ரல் 3 ஆந் திகதி எதற்குப் பயன்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று வாடிய மக்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் திரளவிருந்த நாளில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில், சமூக ஊடகங்கள் யாவும் தடுக்கப்பட்டன. மனித உரிமைகள் ஆணைக்குழு கேள்வி எழுப்ப, அன்று பிற்பகலே தடை நீங்கிற்று. இடையில் இளைஞரெல்லாம் வி.பி.என். என்னும் மாற்று வழியைக் கற்றுக்கொண்டுவிட்டனர். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கும் அது தெரியும். ஆதலின் தடை என்பது இன்று நல்லவரை மட்டும் தடுக்கும் வேலியாகிவிட்டது.

எனவே முகவரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இந்நாட்டிற் குறித்த ஒரு தொகைக்கு மேற்பட்ட பாவனையாளரையுடைய எந்நிறுவனமும், இந்நாட்டு நீதிமன்றின் அழைப்பாணையை ஏற்கத்தக்க ஒருவரை, முகவரியோடு நியமித்தல் வேண்டும். கப்பலுக்குக் கேட்பதை இதற்குக் கேட்பதில் புதுமை எதுவுமில்லை. இந்தியா 2021 ஆம் ஆண்டு விதிகளால் இதனைக் கேட்டுப் பெற்றது. ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் வரலாறு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம். அது 2024 இற் கொண்டுவந்த தொலைத்தொடர்புச் சட்டத் திருத்தத்தின்படி உரிமம் பெற்று, அரசாங்கத்தின் நிபந்தனைகளைப் பேசி முடித்த பின்னரே, 2025 சூலையில் இங்குச் சேவையைத் தொடங்கிற்று. உரிமம் வேண்டுமிடத்து வணக்கம் தானே வருகிறது.

முகவர் இருந்தாற் போதுமா எனின், போதாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பாற் கடலில் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலுக்கு முகவரும் இருந்தனர், நீதிமன்றமும் இருந்தது. 2025 சூலை 24 ஆந் திகதி உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டுமாறு பணித்தது. கட்டமாட்டோம் என்று சிங்கப்பூரிலுள்ள நிறுவனத் தலைவர் பத்திரிகைக்கு வெளிப்படையாகச் சொன்னார். கடற்கரையெங்கும் ஒதுங்கிய பிளாத்திக்கு மணிகளைப் பொறுக்கிய மீனவர் இன்னும் கரையில் நிற்கின்றனர். ஆகவே பணம் நாட்டை விட்டு வெளியேறுமுன்னரே அதனைப் பிடிக்கத்தக்க வழி வேண்டும். இணைய நிறுவனங்களுக்கு நம் நாட்டு வணிகர் விளம்பரப் பணம் செலுத்துவது நம் நாட்டு வங்கி அட்டைகளின் வழியாகவே. நீதிமன்றம் விதித்த அபராதத்தை ஒரு நிறுவனம் கட்டாதவிடத்து, அந்நிறுவனத்துக்குச் செல்லும் விளம்பரப் பணத்தை வங்கிகள் நிறுத்தி வைக்கலாம் என ஒரு பிரிவு எழுதினால், மக்களின் வாய் கட்டப்படாது. முதலாளியின் பை கட்டப்படும். முழுத் தளத்தையும் மூடுவதினும் இது மேலன்றோ?

நீக்குமாறு பணிக்கும் அதிகாரத்தை நீதவானிடம் விடுவோம், ஆணைக்குழுவிடம் வேண்டாம். சிறுவரின் படம், பெண்களின் படம், கொலைக்குத் தூண்டும் எழுத்து ஆகியவற்றுக்கு விரைவு வேண்டும். ஒரே நாளிற் கட்டளை பிறக்கட்டும். அரசியற் கூற்றுக்கும் அதே விரைவு வேண்டியதில்லை. அரசாங்கத்தைப் பற்றிய பொய்யை அரசாங்கமே மறுத்துரைக்க அதற்கு வானொலியும் தொலைக்காட்சியும் பத்திரிகையும் உண்டு. பிறந்த கட்டளை ஒவ்வொன்றும் மூன்று மொழிகளிலும் காரணத்தோடு வெளியிடப்படல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தில் உறங்கவிடப்படாமல் நடைமுறைக்கு முழுமையாக வருதலும் வேண்டும். நம் பிள்ளைகளைப் பற்றி எதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையே அதன் உயிர்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனத்தார் ‘எங்களிடம் தமிழறிந்தார் உளர்’ என்பர். உளர், பெரும்பாலும் தமிழ்நாட்டினர். அவர்தம் தமிழறிவைக் குறை கூற நான் யார்? ஆயினும் ‘பகிடிவதை’ என்னுஞ் சொல்லின் கொடுமை, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகம் புகுந்த மாணவனுக்குத் தெரிவதுபோல மதுரையிலுள்ளார்க்குத் தெரியாது. இவ்வாறே மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் மக்கள் வழங்கும் தமிழும், மலையகத் தமிழும் தனித்தனிச் சாயலுடையன. இந்நாட்டில் வாழும் தமிழரையும் முஸ்லிம்களையும் இந்நாட்டுச் சம்பளத்தில் இவ்வேலைக்கு அமர்த்துதல் வேண்டுமென்று சட்டத்தில் எழுதுவது நம் பிள்ளைகள் சிலர்க்கு உத்தியோகமும் ஆகும். தனித்து நின்று கேட்கச் சிறியேம் எனில், தமிழை ஆட்சிமொழியாகக் கொண்ட சிங்கப்பூரும் தமிழ்நாடும் சேர்ந்து கேட்கலாம். ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி சிறிய சந்தையன்று.

நம் கல்லூரிப் பழைய மாணவருட் சட்டத்தரணிகள் உளர். தொலைத்தொடர்பு நிறுவனங்களில் உயர்பதவி வகிப்போர் உளர். இலண்டனிலும் தொரன்றோவிலும் கணினித் துறையிற் பணிபுரிவோர் உளர். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் திருத்தம் பாராளுமன்றத்துக்கு வருங்கால், உயர் நீதிமன்றில் அதனைக் கேள்விக்குட்படுத்த வர்த்தமானிக்குப் பின்னர் கிடைக்கும் நாட்கள் மிகச் சிலவே. அதற்குள் தமிழிற் படித்து, தமிழிற் குறிப்பெழுதி, ஆங்கிலத்தில் மனுவாக்குவதற்கு ஒரு சிறு குழு இப்போதே இருத்தல் நன்று. படித்துக் குறிப்பெழுதும் வேலையை ஆசிரியராகிய எங்களிடம் விடலாம். சங்கச் செயலாளர் ஒரு நாள் குறித்துக் கடிதம் எழுதினால், பாடசாலை விடுமுறையிற் கூடலாம்.